படுக்கையில் கிடந்தவர்கள் பந்தயத்துக்கு வந்த கதை

முதுகெலும்பு முறிந்தால் அதோடு வாழ்க்கை முடிந்தது என்று ஒரு காலத்தில் டாக்டர்களே நினைத்தார்கள்.

இன்று அப்படிப்பட்டவர்கள் சக்கர நாற்காலியில் அமர்ந்து 26 மைல் மாரத்தான் பந்தயம் ஓடுகிறார்கள். பந்து விளையாடுகிறார்கள். வில் வளைக்கிறார்கள். நீந்துகிறார்கள். தங்கப் பதக்கம் வாங்குகிறார்கள்.

4 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒலிம்பிக் போட்டி நடக்கிறது அல்லவா? அது முடிந்த சில நாட்களில் அதே நகரில் இன்னொரு பெரிய போட்டி தொடங்குகிறது. அதன் பெயர் "பாராலிம்பிக்." உடல் ஊனமுற்றவர்கள், கண் பார்வை இல்லாதவர்கள் முதலியோர் அதில் கலந்து கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் இவர்களை "மாற்றுத்திறனாளிகள்" என்று மரியாதையாக அழைக்கிறார்கள்.

2024-ம் ஆண்டு பாரீஸ் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் சுமார் 4,400 பேர் கலந்து கொண்டார்கள்.

இந்த மாறுதல் எப்படி ஏற்பட்டது?

ஒரு டாக்டரின் பிடிவாதம் முதல் காரணம். பல்கலைக்கழகங்களில் நடக்கும் ஆராய்ச்சி இரண்டாவது காரணம். அந்த ஆராய்ச்சி இல்லாவிட்டால் இந்த வீரர்களில் சிலர் மைதானத்திலேயே மயங்கி விழக்கூடும். ஏமாற்றுக்காரர்கள் பதக்கத்தைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படி ஒரு தடவை நடந்தும் இருக்கிறது!

சுரங்கத் தொழிலாளி

அந்த டாக்டரின் பெயர் லுட்விக் குட்மன். 1899-ம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்த யூதர்.

1917-ம் ஆண்டு. முதல் உலக யுத்தம் நடந்து கொண்டிருந்தது. வாலிபர் குட்மன் ஒரு ஆஸ்பத்திரியில் தொண்டராக வேலை பார்த்தார். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ள பகுதி அது.

ஒரு நாள் சுரங்கத் தொழிலாளி ஒருவரைத் தூக்கி வந்தார்கள். நல்ல வாட்டசாட்டமான ஆள். சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை.

குட்மன் நோயாளியைப் பற்றிய விவரங்களை எழுதத் தொடங்கினார். "அதெல்லாம் வீண் வேலை, சில வாரங்களில் இவர் இறந்துவிடுவார்" என்ற அர்த்தத்தில் பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் சொன்னபடியே நடந்தது. 5 வாரத்தில் தொழிலாளி இறந்தார்.

அந்த முகம் குட்மனின் மனதை விட்டு அகலவில்லை. பிறகு அவர் மருத்துவம் படித்தார். நரம்பு வைத்தியத்தில் பெயர் பெற்ற டாக்டர் ஆனார்.

64 "நோயாளிகள்"

1933-ம் ஆண்டு ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத டாக்டர்கள் மற்ற ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கக்கூடாது என்று உத்தரவு பிறந்தது. குட்மன் பிரெஸ்லா நகரில் யூதர்களுக்காக இருந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பின்னர் அதன் தலைவரும் ஆனார்.

1938-ம் ஆண்டு நவம்பர் 9-ந்தேதி இரவு. நாடு முழுவதும் யூதர்களின் கடைகளையும் கோவில்களையும் நாஜிகள் உடைத்தார்கள், கொளுத்தினார்கள். ஆண்களைப் பிடித்துச் சென்றார்கள்.

அடைக்கலம் தேடி வரும் ஆண் யாராக இருந்தாலும், நோய் இருக்கிறதா இல்லையா என்று கேட்காமல் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி குட்மன் உத்தரவிட்டார். 64 பேர் வந்து படுத்துக் கொண்டார்கள்.

மறுநாள் ரகசியப் போலீசார் வந்தார்கள். ஒரே இரவில் இத்தனை நோயாளிகளா என்று சந்தேகப்பட்டார்கள்.

குட்மன் பதறவில்லை. அவர்களைக் கட்டில் கட்டிலாக அழைத்துச் சென்றார். ஒவ்வொருவருக்கும் ஒரு நோயின் பெயரைச் சொன்னார். படுத்திருந்தவர்களுக்கு ஜாடை காட்டினார். அவர்களும் நோயாளிகளைப் போல நடித்தார்கள். 60 பேர் தப்பினார்கள்!

அடுத்த ஆண்டு, 1939-ல், குட்மன் மனைவியுடனும் 2 குழந்தைகளுடனும் இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றார்.

2 மணிக்கு ஒரு தடவை

இரண்டாவது உலக யுத்தத்தில் குண்டடிபட்டு முதுகெலும்பு முறிந்த போர் வீரர்கள் பலர். அவர்களுக்காக 1944-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந்தேதி இங்கிலாந்து சர்க்கார் ஒரு தனி வைத்திய நிலையம் திறந்தது. ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரில் அது அமைந்தது. அதற்கு குட்மனைத் தலைவராக நியமித்தார்கள்.

நோயாளிகள் வந்து சேர்ந்த நிலை பரிதாபமாக இருந்தது. சிலரை உடம்பு அசையாதபடி மாவுக்கட்டுப் போட்டு வைத்திருந்தார்கள்.

இவர்கள் எதனால் இறக்கிறார்கள்? முதுகெலும்பு முறிந்ததாலா? குட்மன் கூர்ந்து கவனித்தார். இரண்டு காரணங்கள் தெரிந்தன.

உணர்ச்சி இல்லாததால் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடக்கிறார்கள். தோல் நைந்து புண்ணாகிறது. புண் சீழ் பிடிக்கிறது. இது ஒரு காரணம்.

சிறுநீர் சரியாகப் பிரிவதில்லை. அதனால் விஷக் கிருமிகள் பெருகி, சிறுநீரகத்தைத் தாக்குகின்றன. இது மற்றொரு காரணம்.

இரண்டையும் தடுக்கலாமே!

மாவுக்கட்டைக் கழற்றச் சொன்னார். இரவு பகல் எந்நேரமும் 2 மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று கண்டிப்பாக உத்தரவிட்டார். நர்சுகள் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று நள்ளிரவில் அவரே வந்து பார்ப்பார்.

நோயாளிகள் பிழைத்தார்கள். ஆனால் பிழைத்தவர்கள் என்ன செய்வது? ஆயுள் முழுவதும் கூரையைப் பார்த்துக் கொண்டே படுத்திருப்பதா?

விளையாட்டே மருந்து

சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி நோயாளிகள் சிலர் கைத்தடியால் ஒரு கட்டையை அடித்து விளையாடிக் கொண்டிருந்தார்கள். குட்மன் அதைப் பார்த்தார். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது.

உடற்பயிற்சி ஆசிரியரும் அவரும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அந்த விளையாட்டை ஆடிப் பார்த்தார்கள். நாற்காலிகள் முட்டி மோதின. முரட்டு விளையாட்டாக இருந்ததால் பிறகு அதை விட்டுவிட்டு, வலைப்பந்து, வில்வித்தை ஆகியவற்றைக் கற்றுக் கொடுத்தார்கள்.

வில்வித்தைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. வில்லை இழுக்கும்போது கை, தோள், மேல் முதுகு எல்லாம் பலப்படுகின்றன. விழாமல் நிமிர்ந்து உட்காரும் பழக்கம் வருகிறது. அதோடு, நாற்காலியில் இருப்பவர் நின்று அம்பு விடுகிறவரோடு சரிசமமாகப் போட்டி போடலாம்!

1948-ம் ஆண்டு ஜூலை 29-ந்தேதி லண்டனில் ஒலிம்பிக் போட்டி தொடங்கியது. அதே நாளில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரிப் புல்வெளியில் குட்மன் ஒரு வில்வித்தைப் போட்டி வைத்தார். இரண்டு கோஷ்டிகள். மொத்தம் 16 பேர். அவர்களில் 2 பேர் பெண்கள்.

அதுதான் விதை.

ஒரு காலத்தில் இந்தப் போட்டி ஒலிம்பிக்குக்கு ஈடாக வளரும் என்று மறு ஆண்டே குட்மன் பேசினார். 1952-ம் ஆண்டு ஹாலந்து வீரர்கள் வந்தார்கள். 1960-ம் ஆண்டு இத்தாலியில் உள்ள ரோம் நகரில் ஒலிம்பிக் முடிந்ததும், சுமார் 400 சக்கர நாற்காலி வீரர்கள் அங்கே கூடினார்கள். முதல் பாராலிம்பிக் என்று இன்று சொல்லப்படுவது அந்தப் போட்டிதான்.

தங்கியிருந்த கட்டடங்களில் மாடிப்படி ஏற வேண்டியிருந்தது. வீரர்களை நாற்காலியோடு இத்தாலிய ராணுவத்தினர் தூக்கிச் சென்றார்கள்!

இங்கிலாந்தைச் சேர்ந்த மார்கரெட் மாகன் என்ற பெண் அங்கே வில்வித்தையில் கலந்து கொண்டார். அம்பு விட்டு முடித்ததும், ஊர் திரும்புவதற்காக பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தான் வெற்றி பெற்றதே அவருக்குத் தெரியாது. ஆள் விட்டு அழைத்து வந்து தங்கப் பதக்கம் கொடுத்தார்கள்! 52 ஆண்டுகளுக்குப் பிறகு, 2012-ல் லண்டனில் பாராலிம்பிக் நடந்தபோது, போட்டி ஜோதியை ஏற்றி வைத்தவர் அவரே.

1966-ம் ஆண்டு குட்மனுக்கு "சர்" பட்டம் கிடைத்தது. 1980-ல் அவர் காலமானார்.

மாணவர்கள் கேட்ட கேள்வி

குட்மன் ஆஸ்பத்திரியில் செய்ததை, அமெரிக்காவில் டிம் நுஜென்ட் என்பவர் பல்கலைக்கழகத்தில் செய்தார்.

யுத்தத்தில் கால் செயலிழந்து ஊர் திரும்பிய வாலிபர்கள் கல்லூரியில் சேர விரும்பினார்கள். "சக்கர நாற்காலியில் எப்படிப் படிக்க முடியும்?" என்று பலரும் கேட்டார்கள்.

"ஏன் முடியாது?" என்று திருப்பிக் கேட்டவர் நுஜென்ட். அவரும் யுத்தத்துக்குப் போய் வந்தவர்தான். 1948-ம் ஆண்டு, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கேல்ஸ்பர்க் கிளையில் இவர்களுக்காக ஒரு திட்டம் தொடங்கினார். கூடைப்பந்துக் கோஷ்டியும் அமைத்தார். மறு ஆண்டு அமெரிக்காவின் முதல் தேசிய சக்கர நாற்காலிக் கூடைப்பந்துப் போட்டி அங்கே நடந்தது.

அதே 1949-ல் அந்தக் கிளையை மூடப் போவதாக அறிவிப்பு வந்தது. மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. கார்களில் ஏறி மாநிலத் தலைநகருக்கே போய் முறையிட்டார்கள். கடைசியில் பல்கலைக்கழகத்தின் பெரிய கல்லூரியில் அவர்களுக்கு இடம் கிடைத்தது.

அவர்கள் வந்ததால் கல்லூரியே மாறியது. படிக்கட்டுகளுக்குப் பக்கத்தில் சாய்வுப் பாதைகள் வந்தன. சக்கர நாற்காலியைத் தூக்கி ஏற்றும் கருவி பொருத்திய பஸ்கள் ஓடின.

அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான் டாட்டியானா மெக்பேடன். பிறவியிலேயே முதுகுத்தண்டு கோளாறு உள்ள பெண். 2013-ம் ஆண்டு பாஸ்டன், லண்டன், சிக்காகோ, நியூயார்க் ஆகிய 4 நகரங்களின் மாரத்தான் பந்தயங்களிலும் சக்கர நாற்காலிப் பிரிவில் அவரே முதலாவதாக வந்தார்!

இந்திய வீரரின் தங்கம்

1972-ம் ஆண்டு ஒலிம்பிக் போட்டி ஜெர்மனியில் மியூனிக் நகரில் நடந்தது. போட்டி முடிந்ததும் வீரர்கள் தங்கிய வீடுகளைக் குடியிருப்புகளாக மாற்ற வேண்டியிருந்தது. எனவே பாராலிம்பிக்குக்கு அங்கே இடம் இல்லை.

கை கொடுத்தது ஒரு பல்கலைக்கழகம். ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் உடற்பயிற்சி நிலையத்தில் அந்த ஆண்டுப் போட்டி நடந்தது.

அங்கே நீச்சல் குளத்தில் இறங்கினார் ஒரு இந்தியர். பெயர் முரளிகாந்த் பெட்கர். மராட்டிய மாநிலத்தைச் சேர்ந்தவர். ராணுவத்தில் குத்துச்சண்டை வீரராக இருந்தவர். 1965-ம் ஆண்டு பாகிஸ்தானுடன் நடந்த யுத்தத்தில் அவர் உடலில் குண்டுகள் பாய்ந்தன. கால்கள் செயலிழந்தன. சிகிச்சைக்காக நீச்சல் பழகினார்.

50 மீட்டர் தூரத்தை 37.33 வினாடியில் கடந்தார். தங்கப் பதக்கம்! உலக சாதனையும்கூட.

ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தனிப்பட்ட போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். 2018-ம் ஆண்டு அவருக்கு "பத்மஸ்ரீ" விருது வழங்கப்பட்டது.

மண்பானையும் பித்தளைக் குடமும்

போட்டிகள் பெரிதாகப் பெரிதாக ஒரு புதிய ஆபத்து தெரிந்தது. அது வெயில்!

கோடைக்காலத்தில் மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? பானையின் சிறு துளைகள் வழியே நீர் கசிகிறது. அது ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பித்தளைக் குடத்தில் நீர் கசிவதில்லை. ஆகவே குளிர்வதும் இல்லை.

மனித உடம்பு மண்பானை மாதிரி. ஓடினால் உடல் சூடாகிறது. உடனே வியர்க்கிறது. வியர்வை ஆவியாகி உடலைக் குளிர வைக்கிறது.

"வியர்வையை விடு" என்று கட்டளை இடுவது மூளை. அந்தக் கட்டளை முதுகுத்தண்டு வழியாகத்தான் போக வேண்டும். டெலிபோன் கம்பி அறுந்தால் அதற்கு அப்பால் பேச்சு கேட்காது அல்லவா? அதுபோல, முதுகுத்தண்டு அறுபட்ட இடத்துக்குக் கீழே கட்டளை போவதில்லை. அங்கே சரியாக வியர்ப்பதில்லை.

கழுத்தில் அடிபட்டவர்களின் நிலை இன்னும் மோசம். ஏறக்குறைய உடல் முழுவதுமே பித்தளைக் குடம் ஆகிவிடுகிறது! வெயிலில் விளையாடினால் உடலுக்குள் சூடு ஏறிக்கொண்டே போகும். அது அவர்களுக்கு முழுதாகத் தெரியவும் தெரியாது.

மாத்திரை சொன்ன சேதி

இங்கிலாந்தில் லப்பரோ என்ற ஊரில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. விளையாட்டுக் கல்விக்குப் பெயர் போனது. அங்கே 2005-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டுக்கென்றே "பீட்டர் ஹாரிசன் நிலையம்" என்ற ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆடும் ரக்பி என்று ஒரு விளையாட்டு உண்டு. கனடாவில் தோன்றியது. கழுத்தில் அடிபட்டு, கை கால் இரண்டும் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஏற்பட்டது. அந்த விளையாட்டு வீரர்களை லப்பரோ விஞ்ஞானிகள் சோதித்தார்கள்.

உடலின் உள்சூட்டை அளப்பது எப்படி? மாத்திரை அளவில் ஒரு கருவி இருக்கிறது. வீரர் அதை விழுங்கிவிடுவார். அது வயிற்றுக்குள் இருந்து கொண்டே, ரேடியோ மூலம் சூட்டின் அளவைத் தெரிவிக்கும்!

இந்தச் சோதனையில் ஒரு விசித்திரம் தெரிந்தது. ஒரே ஆட்டத்தில், முதுகுத்தண்டு அறுபட்டவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த தூரமே ஓடியிருந்தார்கள். ஆனாலும் அவர்களுடைய உடலில்தான் அதிகச் சூடு ஏறியிருந்தது. குறைந்த வேலை, அதிகச் சூடு!

இதற்குப் பரிகாரம் என்ன? ஆட்டம் தொடங்கும் முன்பு பனிக்கட்டி வைத்த சட்டை அணிவித்துப் பார்த்தார்கள். ஆட்டத்தின் இடையே தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள். தண்ணீர் தெளிப்பது மட்டும் போதாது, பனிச் சட்டையும் சேர்ந்தால்தான் நல்ல பலன் என்று கண்டார்கள். வராத வியர்வைக்குப் பதிலாக வெளியே இருந்து தண்ணீர். உள்ளே ஏறும் சூட்டுக்கு முன்கூட்டியே பனிக்கட்டி!

2021-ம் ஆண்டு டோக்கியோவில் பாராலிம்பிக் நடந்தது கடும் கோடையில். ஒலிம்பிக் மாரத்தானையே வெயிலுக்குப் பயந்து வடக்கே சப்பரோ நகருக்கு மாற்றியிருந்தார்கள். ஆனால் பாராலிம்பிக் மாரத்தான் டோக்கியோவிலேயே நடந்தது. உடல்சூடு பற்றிய ஆராய்ச்சி எவ்வளவு அவசியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தனக்குத் தானே தீங்கு

சூட்டைத் தவிர இன்னொரு விஷயமும் உண்டு. அது இருதயம்.

வாலிபர் ஒருவர் முழு மூச்சுடன் ஓடினால் இருதயம் நிமிஷத்துக்கு 180, 200 தடவைகூடத் துடிக்கும். கழுத்தில் முதுகுத்தண்டு அறுபட்டவர் எவ்வளவு முயன்றாலும் 120, 130-க்கு மேல் போவது கடினம். "வேகமாகத் துடி" என்ற கட்டளையும் அதே கம்பி வழியாகத்தான் போக வேண்டும்.

இதனால் சில வீரர்கள் ஒரு விபரீத வழி கண்டுபிடித்தார்கள். உணர்ச்சி இல்லாத கால் பகுதியில் வேண்டுமென்றே தங்களைத் தாங்களே வருத்திக் கொள்வார்கள். வலி அவர்களுக்குத் தெரியாது. ஆனால் உடல் மிரண்டுவிடும். ரத்த அழுத்தம் குபீரென்று ஏறும். அதனால் நாற்காலி வேகமாக ஓடும்.

உயிரோடு விளையாடும் காரியம் இது. மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கலாம். மரணமும் நேரலாம்.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் இதை ஆராய்ந்தது. 8 வீரர்களைச் சோதித்து, முடிவை 1994-ம் ஆண்டு வெளியிட்டது. ரத்த அழுத்தம் ஏறிய நிலையில் பந்தயத்தை முடிக்கச் சுமார் பத்தில் ஒரு பங்கு நேரம் மிச்சமாகிறது என்று தெரிந்தது. அதாவது, ஆசை காட்டும் அளவுக்குப் பலன் இருக்கிறது. ஆபத்தும் இருக்கிறது.

இப்படிச் செய்வது 1994-ம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. ஆயினும் அடியோடு ஒழியவில்லை. 2008-ம் ஆண்டு பீஜிங் பாராலிம்பிக்கை ஒட்டி, அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் வீரர்களிடம் விசாரித்தார்கள். பதில் சொன்னவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர், தாம் அதைச் செய்து பார்த்ததாக ஒப்புக்கொண்டார்.

போட்டிக்கு முன்பு ரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கும் வழக்கம் இதனால்தான் ஏற்பட்டது. குறித்த அளவுக்கு மேல் இருந்தால் வீரரை இறங்க விடமாட்டார்கள்.

பாராலிம்பிக்கை நடத்தும் சர்வதேசக் கமிட்டி 1989-ம் ஆண்டு ஏற்பட்டது. அதன் முதல் தலைவர் ராபர்ட் ஸ்டெட்வர்ட், இதே ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்தான்!

10 போலி வீரர்கள்

இது தன்னையே வருத்திக் கொள்ளும் மோசடி. பிறருடைய வாழ்க்கையைக் கெடுத்த மோசடி ஒன்றும் உண்டு.

2000-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் பாராலிம்பிக் நடந்தது. மனவளர்ச்சி குன்றியவர்களுக்கும் அதில் போட்டிகள் இருந்தன. அவர்களுடைய கூடைப்பந்தில் ஸ்பெயின் தேசத்துக் கோஷ்டி தங்கம் வென்றது.

சில வாரங்களில் உண்மை வெளியே வந்தது. அந்தக் கோஷ்டியில் ஆடிய ஒருவர் உண்மையில் பத்திரிகை நிருபர்! அவர் தம் பத்திரிகையில் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். கோஷ்டியில் இருந்த 12 பேரில் 10 பேருக்கு எந்தக் குறையும் இல்லை!

உலகமே திகைத்தது. பதக்கங்கள் பறிக்கப்பட்டன.

தண்டனை அதோடு நின்றதா? இல்லை. ஒருவருக்கு மனவளர்ச்சிக் குறை இருக்கிறதா என்று நம்பிக்கையாகச் சோதிக்க வழி இல்லை என்று கூறி, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான எல்லாப் போட்டிகளையும் நிறுத்திவிட்டார்கள். 2004-ல் ஏதென்சிலும் 2008-ல் பீஜிங்கிலும் அவர்களுக்குப் பதக்கப் போட்டிகள் இல்லை.

தவறு செய்தவர்கள் சிலர். கதவு மூடப்பட்டது, ஒரு பாவமும் அறியாத பல நாட்டு வீரர்களுக்கு! ஓட்டத்தில், நீச்சலில் ஆண்டுக்கணக்காகப் பயிற்சி செய்தவர்களின் வாலிபப் பருவம் காத்திருப்பதிலேயே கழிந்தது.

கதவைத் திறந்தவர்கள்

அந்தக் கதவைத் திறக்க ஆராய்ச்சி தேவைப்பட்டது. அதில் முக்கியப் பங்கு பெல்ஜியத்தில் உள்ள லூவன் பல்கலைக்கழகத்துக்கு உண்டு.

விஞ்ஞானிகள் இரண்டு கேள்விகளை எடுத்துக் கொண்டார்கள்.

ஒருவருக்கு அறிவு வளர்ச்சியில் குறை உண்மையாகவே இருக்கிறதா? அது சிறு வயது முதல் இருந்து வருவதா? இது முதல் கேள்வி.

அந்தக் குறை இந்த விளையாட்டில் இவரை எப்படிப் பாதிக்கிறது? இது இரண்டாவது கேள்வி.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். மேசைப்பந்தில் எதிராளி பந்தை எப்படி அடிப்பார் என்று நொடியில் ஊகிக்க வேண்டும். நீண்ட ஓட்டத்தில் எங்கே மெதுவாக ஓடுவது, எங்கே வேகம் பிடிப்பது என்று திட்டமிட வேண்டும். இவற்றுக்கு நினைவாற்றல் வேண்டும். விரைவாக முடிவு எடுக்கும் திறமை வேண்டும். இதையெல்லாம் சோதிக்கப் பரீட்சைகள் உருவாக்கப்பட்டன. வெறும் சர்டிபிகேட்டைக் காட்டி இனி ஏமாற்றுவது சுலபம் அல்ல.

2009-ம் ஆண்டு நவம்பரில் மலேசியாவின் தலைநகரான கோலாலம்பூரில் பாராலிம்பிக் கமிட்டி கூடியது. அவர்களை மீண்டும் சேர்த்துக் கொள்வது என்று தீர்மானித்தது. 2012-ம் ஆண்டு லண்டனில் தடகளம், நீச்சல், மேசைப்பந்து ஆகிய மூன்றிலும் அவர்கள் திரும்பி வந்தார்கள். 12 ஆண்டு காத்திருப்புக்கு முடிவு வந்தது.

எண்ணில் இருக்கும் நியாயம்

ஏமாற்றுக்காரர்களைத் தடுத்துவிட்டால் மட்டும் போட்டி நியாயமாகிவிடுமா?

குத்துச்சண்டையில் 50 கிலோ எடையுள்ளவரை 90 கிலோ எடையுள்ளவரோடு மோத விடுவதில்லை. பாராலிம்பிக்கிலும் அதே நியாயம்தான். ஒரு காலில் மட்டும் குறை உள்ளவரும், இரண்டு காலும் இல்லாதவரும் ஒரே கோட்டில் நின்றால் அது போட்டியாகுமா? எனவே வீரர்களைப் பல வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு எண் உண்டு.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவை அறியாதவர் யார்? 5 வயதில் பஸ் மோதி அவருடைய வலது கால் நசுங்கியது. 2016-ம் ஆண்டு ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். 2021-ல் டோக்கியோவில் வெள்ளி. 2024-ல் பாரீசில் வெண்கலம். அவர் பெயரோடு "டி 42" என்ற எழுத்தும் எண்ணும் பத்திரிகைகளில் வந்ததைப் பலர் பார்த்திருப்பார்கள். அதுதான் அவருடைய வகுப்பு.

இந்த வகுப்பை யார் முடிவு செய்வது? முற்காலத்தில் டாக்டர் நோயைப் பார்த்து முடிவு செய்தார். கால் எந்த நோயால் பாதிக்கப்பட்டது என்பதே அப்போது கேள்வி. இன்று கேள்வி மாறியிருக்கிறது. அந்தக் குறை இந்த விளையாட்டில் எவ்வளவு தடையாக இருக்கிறது என்று பார்க்கிறார்கள். கை எவ்வளவு தூரம் எட்டுகிறது? கால் எவ்வளவு பலமாக உதைக்கிறது? நாற்காலியை எவ்வளவு வேகமாகத் தள்ள முடிகிறது? எல்லாவற்றையும் அளந்து பார்க்கிறார்கள்.

இந்த ஆராய்ச்சியை மூன்று பல்கலைக்கழகங்கள் பங்கு போட்டுக்கொண்டு செய்து வந்திருக்கின்றன. உடல் குறை பற்றி ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம். கண் பார்வை பற்றி ஹாலந்தில் ஆம்ஸ்டர்டாம் நகரில் உள்ள விரைய பல்கலைக்கழகம். மனவளர்ச்சி பற்றி லூவன் பல்கலைக்கழகம்.

வேலை எளிதல்ல. ஒரு எண் மாறினால் ஒருவருடைய தங்கம் வேறொருவருக்குப் போய்விடும். ஒரு வகுப்பை எடுத்துவிட்டால் ஒருவருக்கு ஓட இடமே இல்லாமல் போய்விடும். ஆகவே அளவுகோல் சரியாக இருக்க வேண்டும்.

இரக்கம் மட்டும் போதாது

1917-ம் ஆண்டு அந்தச் சுரங்கத் தொழிலாளியைப் பார்த்து எல்லோரும் இரக்கப்பட்டிருப்பார்கள். ஆனால் இரக்கம் அவரைக் காப்பாற்றவில்லை. புண் எப்படி வருகிறது, கிருமி எப்படிப் பெருகுகிறது என்று ஒருவர் உட்கார்ந்து ஆராய்ந்த பிறகுதான் அவரைப் போன்றவர்கள் பிழைத்தார்கள்.

பந்தயத்திலும் அப்படியே. உடல்சூட்டை அளந்தார்கள், பனிச் சட்டை வந்தது. ரத்த அழுத்தத்தை அளந்தார்கள். விபரீதப் பழக்கத்துக்குக் கடிவாளம் விழுந்தது. அறிவுத் திறனை அளந்தார்கள். மூடிய கதவு திறந்தது.

நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒரு சிறுவனைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. "இவனால் என்னென்ன செய்ய முடியும்? அதற்கு என்ன வேண்டும்?" என்று கேட்பது கடினம். அந்தக் கடினமான கேள்வியை 1944-ல் ஒரு டாக்டர் கேட்டார். பல்கலைக்கழகங்கள் இன்றும் அதையே கேட்டுக் கொண்டிருக்கின்றன.

வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் அதே கேள்வியைக் கேட்கலாம். அதற்குச் சோதனைச்சாலை தேவை இல்லை.